நூலளவு

எங்கள் பக்கம் கொத்தனாருக்கும் ஆசாரிக்கும் அங்குலத்துக்குக் கீழே இருக்கும் அளவு நூல். எட்டு நூல் சேர்ந்தால் ஓர் அங்குலம். "ஒரு நூல் இழைச்சு விடுங்க" என்றால் கதவு நிலையில் உட்கார்ந்துவிடும். லேத் பட்டறைக்கு இந்த நூல் போதாது. அங்கே கணக்கு அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு. 'தவ்' என்பார்கள். ஒரு நூலுக்குள் 125 தவ் இருக்கிறது. ராஜபாளையத்தில் மில் சங்கு கேட்டு வளர்ந்தவன் நான், அதனால் எனக்குப் புரிகிற மாதிரி சொல்லிக்கொள்கிறேன்: ஒரு தவ் ஏறக்குறைய 25 மைக்ரான். ஒரு பஞ்சு இழையின் தடிமன் 12 முதல் 20 மைக்ரான் வரை. ஒரு துப்பாக்கிக் குண்டு ஒழுங்காகக் குழலைவிட்டுப் போகுமா, சுடுபவரின் கையைக் கொண்டுபோகுமா என்பது இப்படி ஒன்றிரண்டு இழை வித்தியாசத்தில் இருக்கிறது.

நான் துப்பாக்கி பிடித்தவன் இல்லை. பகலில் கோடு எழுதுகிறேன், இரவில் சம்பந்தமில்லாததைப் படிக்கிறேன். சில மாதங்களாகப் படித்துக்கொண்டிருப்பது ரீலோடிங் பற்றி. சுட்டு முடித்த தோட்டாவின் பித்தளைக் கூட்டை எடுத்து, புது மருந்தும் புதுக் குண்டும் வைத்துத் திரும்பப் பயன்படுத்துவது. அமெரிக்காவில் இது கார் ஷெட்டில் செய்கிற பொழுதுபோக்கு. இங்கே உரிமம் இல்லாமல் தோட்டா தயாரித்தால் 1959ஆம் வருடத்து ஆயுதச் சட்டப்படி குற்றம். அப்புறம் எனக்கு ஏன் இந்த ஆராய்ச்சி? காரணம் குடும்பத்துக்குள் இருக்கிறது, வருகிறேன்.

அந்தப் பொழுதுபோக்கில் ஒரு பாடம் என்னை அப்படியே பிடித்துக்கொண்டது. ஈயத்தை உருக்கி அச்சில் ஊற்றினால் குண்டு எப்போதும் அச்சு சொல்கிற அளவில் வராது. ஈயத்தில் என்ன கலந்திருக்கிறது என்பதைப் பொறுத்து ஒரு தவ், ரெண்டு தவ் பெருத்து வரும். பெருத்த குண்டை என்ன செய்வது? மைக்ரோமீட்டரில் அளந்து, சரியான துளை உள்ள எஃகு அச்சு வழியாக, வழவழப்பு தடவி, மெதுவாக அழுத்தித் தள்ளி இளைக்க வைப்பார்கள். ஒரே தள்ளில் நிறைய இளைக்க வைக்கக் கூடாது. எந்த அளவுக்கு இளைக்க வைப்பது என்பதற்குக் குழலைத்தான் கேட்க வேண்டும்: காலித் துப்பாக்கியின் குழலுக்குள் மெத்தென்ற ஈயக்கட்டி ஒன்றைத் தள்ளி எடுத்து, அதில் பதிந்த தடத்தை அளப்பார்கள். ஈயக் குண்டு அந்தத் தடத்தைவிட ஒன்றிரண்டு தவ் பெரிதாக இருக்கலாம். அதற்கு மேல் போனால் அழுத்தம் ஏறும்.

செம்பு உறை போட்ட குண்டு என்றால் இன்னும் சிக்கல். அழுத்தி இளைக்க வைத்தால் செம்பு கொஞ்சம் மீண்டு விரியும், உள்ளே இருக்கும் ஈயம் விரியாது. வெளியே அளவு சரியாகக் காட்டும், உள்ளே பிடிப்பு விட்டிருக்கும். டெஸ்ட் எல்லாம் பச்சை காட்டி, புரொடக்‌ஷனில் விழுகிற கோடு ஞாபகம் வந்தது.

பெயரை நம்பவே கூடாது என்பது அடுத்த பாடம். .303 ரைபிள் என்கிறோம். அந்த 0.303 அங்குலம் குழலின் உட்சுவரில் மேடாக இருக்கும் வரிகளுக்கு நடுவே உள்ள இடைவெளி. அதில் போகிற குண்டோ 0.311 அங்குலம். எட்டு தவ் வித்தியாசம்! பெயரைப் பார்த்து அளவு வைப்பவன் அங்கேயே தோற்றான். அந்த .303 ராணுவத் தோட்டா என்பதால் ஆங்கிலேய அரசு இங்கே பொதுமக்களுக்கு அதைத் தரவில்லை. இந்தியாவின் சிவில் ரைபிள் .315 ஆனதற்குக் காரணம் அதுதான். ஈஷாப்பூர் தொழிற்சாலை பின்னாளிலும் அதைச் செய்தது. ஜனங்கள் கையில் இருக்கும் துப்பாக்கிக்குள் ராணுவத்தின் தோட்டா நுழையக் கூடாது. அளவை வைத்தே ஓர் ஆட்சி தன்னைப் பாதுகாத்துக்கொண்டது.

குண்டின் அளவுக்கு நம் சரித்திரத்தில் இதைவிடப் பெரிய இடமும் உண்டு. வாய் வழியாகக் குண்டு இறக்கும் காலத்தில், வரி வெட்டிய குழலுக்குள் பொருத்தமான குண்டை இறக்குவது பெரும்பாடு. பேக்கர் ரைபிளோடு ஆரம்பத்தில் மரச்சுத்தியே கொடுத்தார்கள், குண்டைத் தட்டி இறக்க. 1849இல் மினியே என்கிற பிரெஞ்சுக் கேப்டன் கொண்டுவந்த குண்டு இதை மாற்றியது: குழலைவிடச் சின்னதாகச் செய், எளிதாக இறங்கட்டும், வெடிக்கும்போது அதன் அடிப்பாகம் விரிந்து தானே வரிகளைப் பிடித்துக்கொள்ளும். 1853 என்ஃபீல்டு இந்த வழியில் வந்தது. குழல் 0.577, குண்டு 0.568. அந்தக் குண்டும் சுற்றிய காகிதமும் சிக்காமல் இறங்கத்தான் கொழுப்புத் தடவினார்கள். 1857இல் சிப்பாய்கள் எந்தக் கொழுப்பு என்று கேட்ட கதை நமக்குப் பள்ளிப் பாடம். கொழுப்பு ஏன் தேவைப்பட்டது என்பதைப் பாடப்புத்தகத்தில் நான் படித்ததாக நினைவில்லை.

இனி குடும்பக் கதை.

எங்கள் தாத்தாவுக்கு இடது கையில் நடுவிரலும் மோதிரவிரலும் கிடையாது. ராஜபாளையத்துக்கு மேற்கே, மலையடிவாரத்தில் கொஞ்சம் மாந்தோப்பும் கடலைக்காடும் இருந்தன. காட்டுப்பன்னிக்காக ஒரு நாட்டுத்துப்பாக்கி, உரிமத்தோடு. 1959 சட்டமே பயிர்க் காவலுக்கான வாய்க்குழல் துப்பாக்கியைத் தனியாகப் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. 1968இல் ஒரு ராத்திரி அது வெடித்துவிட்டது. மருந்து போட்டது அவருடைய தம்பி, என் சின்னத் தாத்தா. வயசு பதினைந்து. "மருந்து ஜாஸ்தியாயிருச்சு" என்று அன்றைக்கே முடிவாகிவிட்டது. வெடிமருந்தைப் பற்றி யாரும் யாருக்கும் சொல்லித்தர வேண்டாத ஊர்கள் இவை, சிவகாசி கூப்பிடு தூரம். அளவு தப்பினால் என்ன ஆகும் என்று எல்லாருக்கும் தெரியும், அதனால் யாரும் மேலே கேட்கவில்லை. சின்னத் தாத்தா அடுத்த வருடமே ஸ்ரீவில்லிபுத்தூர் போய், ஒரு பால்கோவாக் கடையில் அடுப்படி வேலைக்குச் சேர்ந்துகொண்டார். ஐம்பது வருடமாகக் கல்யாண வீடுகளில் ஒரே பகடி: "பாயசத்துக்குச் சீனி போட அவனை மட்டும் கூப்பிட்டுறாதீங்கப்பா."

பாட்டி சாவதற்கு முன்பு ஒருநாள், வேறெதையோ பேசிக்கொண்டிருந்தவள், "அன்னைக்குக் குண்டு இறங்கவே மாட்டேன்னுச்சு. உங்க தாத்தா கம்பி மேல சுத்தியலால தட்டுனாரு" என்றாள். குண்டு தாத்தாவே ஊற்றியது. யாரிடமோ இரவல் வாங்கிய புது அச்சு.

எனக்கு அப்போது அதன் அர்த்தம் தெரியாது. இப்போது தெரிகிறது. மருந்து அதிகமாகிப் போனால் குழல் பெரும்பாலும் பின்பக்கம், மருந்து இருக்கும் இடத்தில்தான் பிளக்கும். அது சுடுபவரின் முகத்துக்குப் பக்கத்தில். தாத்தாவின் முகத்தில் ஒரு கீறல்கூட இல்லை. போனது குழலின் நடுவில் தாங்கிப் பிடித்திருந்த இடது கை. பெருத்த குண்டு பாதி வழியில் இறுகி, மருந்துக்கும் அதற்கும் நடுவே காலி இடம் விட்டு நின்றால், குண்டு நிற்கும் இடத்தில் அழுத்தம் தாறுமாறாக ஏறிக் குழல் அங்கே பிளக்கும். எந்த வரியில் விழுந்தது என்று பார்க்காமல், கடைசியாகக் கை வைத்தவனைப் பிடித்துவிட்டார்கள். எங்கள் தொழிலில் தினமும் நடப்பதுதான்.

குழலை ஸ்டேஷனில் ஒப்படைத்து ஐம்பது வருடத்துக்கு மேல் ஆகிறது. நிரூபிக்க என்னிடம் ஒன்றும் இல்லை. ஆனாலும் போன மாதம் ஸ்ரீவில்லிபுத்தூர் போனேன். சின்னத் தாத்தாவுக்கு இப்போது எழுபதுக்கு மேல். பால் கடைந்து கடைந்து தோள் ஒரு பக்கம் இறங்கியிருக்கிறது. காகிதத்தில் குழல் வரைந்து, குண்டு எங்கே நின்றிருக்கும் என்று காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பொறுமையாகப் பார்த்தார்.

"ஏய்யா, இது எனக்குத் தெரியாதா? அண்ணன் கொடுத்த மூங்கிக் குழாயில தலை தட்டி ஒரே தடவைதான் போட்டேன். கம்பி வழக்கமா இறங்குறதுல முக்காவாசிதான் இறங்கியிருந்துச்சு. பாத்துக்கிட்டுத்தான் நின்னேன்."

"அப்பவே சொல்லியிருக்கலாமே தாத்தா?"

"சொன்னா அவரு ஊத்துன குண்டுன்னு ஆகும். விரலும் போயி பேரும் போகணுமா அவருக்கு?"

நான் ஒன்றும் சொல்லவில்லை. உள்ளே அடுப்பில் பால் சுண்டுகிற வாசனை வந்துகொண்டிருந்தது. அவரே தொடர்ந்தார்.

"நீ எழுதுறவன். எழுதணும்னா எழுதிக்கோ. ஆனா அண்ணன் அவசரப்பட்டாருன்னு மட்டும் எழுதாத. பன்னி கடலைக்குள்ள எறங்கிருச்சு. அந்தக் கடலைய வச்சுத்தான் அந்த வருசம் அக்கா கல்யாணம். அதையும் சேத்து எழுது."

எழுதிவிட்டேன். ரீலோடிங் கையேடுகள் திரும்பத் திரும்பச் சொல்வது ஒன்றைத்தான்: பொருந்தவில்லை என்றால் நிறுத்து, அளந்து பார், அப்புறம் செய். கார் ஷெட்டில், விளக்கு வெளிச்சத்தில், கையில் மைக்ரோமீட்டரோடு, ஞாயிற்றுக்கிழமை மதியம் நிறுத்த முடியும். வரப்பில் அரிக்கேன் வைத்துக்கொண்டு, வருடத்து விளைச்சலுக்குள் பன்னி இறங்கும் சத்தம் கேட்கும்போது யாரால் நிறுத்த முடியும்? குண்டின் அளவை இளைக்க வைக்கலாம், அதற்கு எஃகு அச்சு இருக்கிறது. நிறுத்துவதற்குத் தேவையான நேரத்தை எந்த அச்சில் ஊற்றுவது?

அந்த அடிவாரத்துக்கு மேலே இருக்கும் காடு 2021இலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் - மேகமலை புலிகள் காப்பகம். தோப்பில் இப்போது துப்பாக்கி இல்லை. பன்னி இருக்கிறது.

வரும் தையில் என் தங்கை கல்யாணம். பாயசத்துக்குச் சீனி போடச் சின்னத் தாத்தாவைக் கூப்பிட்டிருக்கிறேன். யோசித்துச் சொல்கிறேன் என்றிருக்கிறார்.