பரந்தன் சந்தியில் ஒரு கேள்வி

கிளிநொச்சியிலிருந்து ஏ-9 வீதியால் வடக்கே சிறிது தூரம் சென்றால் பரந்தன் சந்தி வரும். அங்கிருந்து கிழக்கே பிரியும் ஏ-35 வீதி முரசுமோட்டை, தருமபுரம், விசுவமடு, உடையார்கட்டு, புதுக்குடியிருப்பு எனச் சென்று, முள்ளிவாய்க்காலையும் வட்டுவாகல் பாலத்தையும் கடந்து முல்லைத்தீவை அடைகிறது. வேலையின் நிமித்தம் கிழமையில் மூன்று நாட்கள் இவ்வீதியால் பஸ்ஸில் போய் வருகிறேன். முரசுமோட்டை வயல்களைப் பார்த்துக்கொண்டு போவது மனதுக்கு இதம். ஆனால் ஒரு பஸ்ஸைத் தவறவிட்டால் வெயிலில் நிற்க வேண்டியதுதான்.

"இந்தக் காலத்தில கார் இல்லாமல் எப்பிடிப் பிள்ளை வேலை செய்யிறது?" என்று அண்ணா அடிக்கடி கேட்பார். 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, 2025 பெப்ரவரியில் தனியார் வாகனங்களுக்கு மீண்டும் அனுமதிக்கப்பட்டதும் வீட்டில் இந்தப் பேச்சு இன்னும் கூடியது. சகோதரிகளே, சொந்த வாகனம் அன்றாட வாழ்வுக்கு அவசியம்தானா? இதே வீதியில் நான் சந்தித்த பெண்களிடமிருந்தே இதற்கான பதிலைத் தேடினேன்.

2009 இன் தொடக்க மாதங்களில் மக்கள் உழவு இயந்திரங்களிலும் மாட்டு வண்டிகளிலும் சைக்கிள்களிலும் சாமான்களை ஏற்றிக்கொண்டு இவ்வீதியால் கிழக்கே இடம்பெயர்ந்தார்கள். கடைசியில் வட்டுவாகலைக் கடந்தவர்கள் எல்லாவற்றையும் விட்டுவிட்டு நடந்தே வந்தார்கள். அந்த வாகனங்கள் துருப்பிடித்துக் குவிந்து கிடந்ததை உங்களில் பலர் கண்டிருப்பீர்கள்.

உடையார்கட்டிலிருந்து உள்ளே செல்லும் கிறவல் வீதியில் ஒரு அக்கா இருக்கிறார். யுத்தத்தில் கணவரை இழந்தவர். மகன் கேட்டான் என்று லீசிங்கில் மோட்டார் சைக்கிள் எடுத்துக் கொடுத்தார். சங்கிலியை அடகு வைத்து முற்பணம் கட்டினார். கச்சான் விளைச்சல் பிழைத்த வருடம் மூன்று தவணைகள் நின்றன. வாசலுக்கு வந்து வாகனத்தை ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். கட்டிய காசும் போயிற்று, நகையும் போயிற்று.

"மோட்டார் சைக்கிள் வேண்டினது பிழையில்லைத் தங்கச்சி. அது வீட்டுக்கு எவ்வளவு உழைக்கும் எண்டு கணக்குப் பார்க்காமல் வேண்டினதுதான் பிழை" என்றார் அக்கா. இப்போது பழைய சைக்கிள் ஒன்றில் தோட்ட வேலைக்குப் போய் வருகிறார்.

அதே கிராமத்தில் செல் வீச்சில் ஒரு காலை இழந்த சகோதரி ஒருவர் தையல் செய்கிறார். பின்பக்கம் துணைச் சில்லுகள் பூட்டிய ஸ்கூட்டியில் புதுக்குடியிருப்புக்குப் போய்த் துணி எடுத்து வருவார். அந்த ஸ்கூட்டி இல்லாவிட்டால் அவருக்குத் தொழிலே இல்லை. அவரைப் பார்த்து வாகனம் ஆடம்பரம் என்று யாரால் சொல்ல முடியும்?

எரிபொருள் இல்லாமலும் நாம் வாழ்ந்திருக்கிறோம். தொண்ணூறுகளின் பொருளாதாரத் தடைக் காலத்தில் யாழ்ப்பாணத்தில் கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. பள்ளிக்கூடம், சந்தை, ஆஸ்பத்திரி எல்லாவற்றுக்கும் பெண்கள் சைக்கிளிலேயே போனார்கள். 2022 ஆகஸ்டில் கியூஆர் முறை வந்தபோது காருக்குக் கிழமைக்கு 20 லீற்றரும் மோட்டார் சைக்கிளுக்கு 4 லீற்றரும்தான் கிடைத்தன. கார் வைத்திருந்தவர்களும் அப்போது சைக்கிளைத் தேடினார்கள்.

"இரவில் ஒரு அவசரம் என்றால்?" என்று பலர் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. 2018 ஜூலை முதல் வடக்கிலும் 1990 இலவச அம்புலன்ஸ் சேவை இருக்கிறது. அந்த இலக்கத்தைச் சுவரில் எழுதி வையுங்கள். பிள்ளைகளுக்கும் சொல்லிக் கொடுங்கள்.

ஆனாலும் என் மனதை ஒரு விடயம் உறுத்திக்கொண்டே இருந்தது. ஒருநாள் கூட்டத்தின் நடுவில் நான் எழுந்தபோது அந்த அக்கா சொன்னார்: "நீங்கள் நாலரை பஸ்ஸுக்கு ஓடுறீங்கள். நாங்கள் கூலி வேலையால வாறதே அஞ்சு மணிக்கு. எங்கட கதையை எப்ப கேக்கப் போறீங்கள்?"

எனக்குப் பதில் வரவில்லை. கார் இருந்தால் ஏழு மணி வரை இருந்து கேட்கலாம் என்பது உண்மைதான். வீட்டுக்கு வந்து கணக்குப் பார்த்தேன். மாதத் தவணை என் சம்பளத்தின் பாதிக்கு மேல் போகும். இருட்டிய பிறகு எனக்கு அங்கே வேலை இருப்பதோ மாதத்தில் ஓரிரு நாட்கள்தான்.

இப்போது மாதத்தில் ஒருநாள் அக்கா வீட்டிலேயே தங்குகிறேன். இரவுச் சாப்பாடு முடிந்து பாயில் இருக்கும்போது, பகல் கூட்டங்களில் வாய் திறக்காதவர்களும் பேசுகிறார்கள். மாலையில் இன்னொரு பஸ் விடும்படி மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்தின் மூலம் கடிதமும் எழுதியிருக்கிறோம். அந்த பஸ் எனக்கு மட்டுமல்ல, பின்னேர வகுப்பு முடிந்து நடந்து வரும் பிள்ளைகளுக்கும் வேண்டும்.

சகோதரிகளே, தவணைப் பத்திரத்தில் கையெழுத்து வைக்குமுன் ஒரு மாதம் கொப்பியில் எழுதிப் பாருங்கள். எத்தனை பயணம், எவ்வளவு தூரம், அதனால் வீட்டுக்கு வந்தது எவ்வளவு? கணக்கு சரிவந்தால் துணிந்து வாங்குங்கள். சரிவராவிட்டால் சங்கிலி கழுத்திலேயே இருக்கட்டும்.