பூசாமல் விட்ட சுவர்

மட்டக்களப்பு நகரிலிருந்து கல்லடிப் பாலம் தாண்டித் தெற்கே போனால், ஐந்தாறு கிலோமீற்றரில் வீதி நடுவே பேரீச்ச மரங்கள் வரிசையாக நிற்கும். காத்தான்குடி வந்துவிட்டது. கிழக்கே கடல், மேற்கே வாவி. இடையே ஒடுங்கிய மணல் நிலத்தில் சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகள். ஒரு மினாரா கண்ணை விட்டு மறையுமுன் அடுத்தது தெரிகிறது. வழி கேட்டால் வீதிப் பெயர் வராது. "அந்தப் பள்ளிக்குப் பின்னால" என்றுதான் வரும்.

மீரா ஜும்ஆப் பள்ளிவாசலுக்கு நான் போனபோது அஸர் தொழுகை முடிந்திருந்தது. "செருப்ப அங்கால கழட்டுங்க தம்பி" என்றார் வாசலில் நின்ற பெரியவர்.

சுவரில் குழிகள். ஒவ்வொன்றும் துப்பாக்கி ரவை பாய்ந்த இடம். 1990 ஓகஸ்ட் 3, வெள்ளிக்கிழமை இரவு. இங்கும் ஹுஸைனியாப் பள்ளியிலும் இஷாத் தொழுகையில் நின்றவர்கள் சுடப்பட்டார்கள். சிறுவர்கள் உட்பட 100க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். வந்தவர்கள் விடுதலைப் புலிகள் என்றார்கள் உயிர் தப்பியவர்கள், இயக்கம் மறுத்தது. ஆண்டுதோறும் அந்த நாளை ஊர் சுஹதாக்கள் (தியாகிகள்) தினமாக நினைவுகூர்கிறது.

தமிழனாக அந்தச் சுவர் முன் நிற்பது இலேசல்ல. இந்தக் கரையில் கோயிலை நடத்தும் வண்ணக்கர் குடிவழி வருபவர். பள்ளிவாசலில் குடிக்காகப் பேசும் மரைக்காரும் அப்படித்தான். தமிழர், முஸ்லிம்கள் இரு பக்கமும் குடி என்பது தாய்வழி வரும் குலம். வீடு மகளுக்குச் சீதனமாகப் போவதும் ஒன்றே. பேசுவதும் ஒரே தமிழ். அந்த இரவில் சுடப்பட்டவர்கள் அயலூரார் மட்டுமல்லர்.

சிறிது நேரத்தில் குர்ஆனை நெஞ்சோடு அணைத்தபடி பிள்ளைகள் ஓதலுக்கு வந்தார்கள். ஒருவன் குழிகள் இருந்த சுவரிலேயே சாய்ந்து உட்கார்ந்தான். நோன்பு மாதத்தில் கஞ்சி வாங்க இவன் சட்டியோடு வருவதும் பள்ளிக்குத்தான். ஜனாஸா அறிவிப்பும் பள்ளி ஒலிபெருக்கியில்தான் கேட்கும்.

"காக்கா, மட்டக்களப்புக்கு பஸ் எங்க நிற்கும்?" என்று கேட்டேன்.

பெரியவர் பிரதான வீதிப் பக்கம் கைகாட்டினார். "அந்தப் பள்ளிக்கு முன்னால நில்லுங்க தம்பி."