எடைக்குப் போகும் தியோடலைட்

கள்ளக்குறிச்சி



கச்சிராயபாளையம் வழியாகக் கல்வராயன் மலையிலுள்ள வெள்ளிமலைக்கு ஏறும் பேருந்தில் ஜன்னலோர இடம் கிடைத்தவர் கையில் ஒரு பழைய அனிராய்டு பாரமானி இருந்துவிட்டால் பொழுது போவதே தெரியாது. உள்ளங்கையில் அடங்குகிற பித்தளை டப்பா அது. உள்ளே, காற்றை உறிஞ்சி எடுத்துவிட்டு மூடிய மெல்லிய தகட்டுக் கூடு ஒன்று. வெளிக்காற்றின் அழுத்தம் குறையக் குறையக் கூடு உப்பும். அந்த மயிரிழை அசைவை நெம்புகோல்கள் பெரிதாக்கி முள்ளை நகர்த்தும். கோமுகி அணையைத் தாண்டி வளைவுகள் தொடங்கியதுமே முள் இறங்க ஆரம்பிக்கிறது. ஆயிரம் அடி ஏறினால் பாதரசக் கணக்கில் ஏறக்குறைய ஓர் அங்குலம். சின்னக் கல்வராயன் சராசரி 2,700 அடி, பெரிய கல்வராயன் 4,000 அடி என்று புத்தகங்கள் சொல்வதை, பேட்டரியும் சிக்னலும் இல்லாமலே சோதித்துப் பார்த்துவிடலாம்.

"பிரஷர் பாக்குற மிஷினா தம்பி?" என்று ஒருமுறை பக்கத்து இருக்கைப் பெரியவர் கேட்டார். தப்பில்லாத கேள்வி. லூசியன் விடி என்ற பிரெஞ்சுக்காரர் 1844இல் காப்புரிமை வாங்கிய கருவி இது. டாக்டர் கையைச் சுற்றிக் கட்டிக் காற்றடித்துப் பார்க்கிறாரே, அந்த முள்வட்டுக்கும் இதுதான் மூதாதை.

பழைய அளவைக் கருவிகளைச் சேர்ப்பவர்கள் பொதுவாக லண்டன் ஏலத்தையும் டேராடூன் சர்வே அலுவலகத்தையும்தான் பேசுவார்கள். கள்ளக்குறிச்சியை யாரும் சொல்வதில்லை. ஆனால் தேசப்படத்தை விரித்துப் பார்த்தால் இந்த ஊருக்கும் அதில் ஒரு பாத்தியதை உண்டு. இங்கிருந்து நேர் கிழக்கே, கடலூரை ஒட்டி, திருவந்திபுரம் இருக்கிறது. தேவநாத சுவாமி கோயிலும் எதிரே ஒரு சின்னக் குன்றும் உள்ள ஊர். ஆங்கிலேய நில அளவையாளர் வில்லியம் லாம்டன் 1802-03இல் பூமியின் வடிவத்தைக் கண்டுபிடிக்க அளந்த முதல் தீர்க்கரேகை வில்லின் தென்முனை அதுதான். லண்டன் கருவி வல்லுநர் ராம்ஸ்டன் செய்த ஐந்தடி ஆர உச்சிக்கோணமானியால் விண்மீன்களைப் பார்த்து, அந்த இடத்துக்கு அவர் கணித்த அட்சரேகை 11 பாகை 44 நிமிடம் 52 விநாடி சொச்சம். கள்ளக்குறிச்சியும் 11 பாகை 44 நிமிடத்தில்தான் உட்கார்ந்திருக்கிறது. திருவந்திபுரத்திலிருந்து மேற்கே கோடு கிழித்துக்கொண்டே வந்தால், நகரத்துக்குள் நுழைந்து கல்வராயன் அடிவாரத்தில் போய் முட்டும்.

லாம்டனின் சாமான்கள் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகப் பெரிய கதை உண்டு. அவருடைய எஃகுச் சங்கிலி நூறடி நீளம், இரண்டரை அடிக் கண்ணிகள் நாற்பது. லண்டனில் ராம்ஸ்டன் செய்த அந்தச் சங்கிலி, மெக்கார்ட்னி பிரபுவின் தூதுக்குழுவோடு சீனச் சக்கரவர்த்திக்குக் காணிக்கையாகப் போனது. சக்கரவர்த்திக்கு வேண்டியிருக்கவில்லை. சுற்றிச் சுற்றிக் கல்கத்தா வந்து, கடைசியில் லாம்டன் கைக்குச் சேர்ந்தது. 1802 ஏப்ரல் 10 அன்று பரங்கிமலைக்குத் தெற்கே ஏழரை மைல் அடிக்கோட்டை அந்தச் சங்கிலியை நானூறு முறை நீட்டி அளக்கத் தொடங்கினார். வெயிலில் எஃகு நீளும் என்பதால் சங்கிலியை மரப்பெட்டிகளுக்குள் கிடத்தி, வெப்பமானி வைத்துக் கணக்கைத் திருத்தினார். அந்த ஏப்ரல் 10ஐத்தான் இன்றும் தேசிய நில அளவை தினமாகக் கொண்டாடுகிறார்கள்.

கோணம் அளக்க அவர் வைத்திருந்த தியோடலைட்டின் கதை இன்னும் ருசியானது. வில்லியம் கேரி செய்தது; கிடைவட்டம் மட்டும் மூன்றடி விட்டம், எடை சுமார் அரை டன். கப்பலில் வரும்போது பிரெஞ்சுப் போர்க்கப்பல் மடக்கி மொரீஷியசுக்குக் கொண்டுபோய்விட்டது. அது போர்த்தளவாடம் அல்ல, அறிவுக்கான பொருள் என்று தெரிந்ததும் அங்கிருந்த பிரெஞ்சு ஆளுநர் மரியாதையோடு சென்னைக்கு அனுப்பிவைத்தார். எதிரி காட்டிய அந்த மரியாதையை நம்மூர்க் கயிறு காட்டவில்லை. 1808இல் தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் மேல் ஏற்றும்போது கயிறு நழுவி, கருவி சுவரில் மோதி, வட்டம் நெளிந்துவிட்டது. வேறொருவராக இருந்தால் லண்டனுக்குக் கடிதம் எழுதிவிட்டு இரண்டு வருஷம் காத்திருப்பார். லாம்டன் கூடாரத்துக்குள் உட்கார்ந்து, ஆப்பும் திருகும் வைத்து ஆறு வாரம் போல நெளிவெடுத்து, அதைக் கொண்டே மேலும் பல வருஷம் அளந்தார்.

சமவெளியில் உயரம் கிடைக்காததால்தான் அவர் கோயில்களை நம்பவேண்டி வந்தது. இந்தப் பக்கத்தில் அந்தச் சிக்கல் இல்லை. தியாகதுருகத்தில் மொட்டைப் பாறைமேல் கோட்டை நிற்கிறது; மேற்கே சுவர் எழுப்பியதுபோலக் கல்வராயன். எங்கே ஏறினாலும் நான்கு திசையும் தெரியும்.

மலையில் ஒரு வேடிக்கையான முரண் உண்டு. இந்திய சர்வே துறையின் 58 ஐ என்ற தாள்வரிசையில் கல்வராயன் மலையின் சிகரம், ஓடை, ஒற்றையடிப் பாதை எல்லாம் மைலுக்கு ஓர் அங்குலக் கணக்கில் வெகுகாலத்துக்கு முன்பே பதிவாகிவிட்டன. பிளேன் டேபிளை முக்காலியில் நிறுத்தி, மேலே தாளை ஒட்டி, பார்வைச் சட்டத்தை வைத்துக் கண்ணில் பட்டதை அங்கேயே வரைந்துகொண்டு போனவர்களின் வேலை அது. ஆனால் மலைக்கிராமங்கள் ஜாகிர்தார்களின் பிடியிலிருந்து அரசின் கைக்கு வந்ததோ 1976இல்தான். சாமையும் தினையும் விதைத்து, கடுக்காய் பொறுக்கிப் பிழைத்த மலையாளிப் பழங்குடி மக்களின் மலையுச்சிகளுக்குக் கணக்கு இருந்தது. அவர்கள் உழுத துண்டுக்கு இல்லை. மூன்றடி வட்டத் தியோடலைட்டால் செய்ய முடியாத வேலை அது. அதற்கு வேண்டியது சாதாரணச் சங்கிலி.

அந்தச் சாதாரணச் சங்கிலியைச் சேகரிப்பாளர்கள் மதிக்காமல் விடுவது இதை எழுதுபவருக்கு ஆற்றாமை. எட்மண்ட் கண்டர் 1620இல் வகுத்த கணக்கு: 66 அடி, நூறு கண்ணி. பத்துச் சதுரச் சங்கிலி ஓர் ஏக்கர். ஆயிரம் சதுரக் கண்ணி ஒரு சென்ட். கள்ளக்குறிச்சி பத்திரப்பதிவு அலுவலக வாசலில் இன்றைக்கும் மனை பேசுகிறவர்கள் 'அஞ்சு சென்ட்' என்று சொல்வது அந்தக் கம்பிக் கண்ணியைத்தான். ஏக்கர் போய் ஹெக்டேர் வந்தது, 20 மீட்டர் சங்கிலி வந்தது, 1979இலிருந்து 87 வரை நிலப்பதிவேடுகளைப் புதுப்பித்தார்கள், இப்போது செயற்கைக்கோளைக் கேட்டு எல்லைக்கல் நடுகிறார்கள். சென்ட் மட்டும் அசையவில்லை. பித்தளைக் கைப்பிடியோடு, பத்துக் கண்ணிக்கு ஒரு பல்வில்லை தொங்கும் முழுச் சங்கிலி ஒன்று கிடைத்தால், மெருகேற்றிய இருபது தொலைநோக்கிகளுக்கு அது மேல்.

தொலைநோக்கி என்றதும் போலிகளைப் பற்றிச் சொல்லியே ஆகவேண்டும். 'கெல்வின் அண்ட் ஹியூஸ், லண்டன், 1917' என்று பொறித்த செக்ஸ்டண்டும் திசைமானியும் சுற்றுலாத் தலங்களில் குவிந்துகிடக்கின்றன. அந்தப் பெயரில் ஒரு கம்பெனி உருவானதே 1947இல்தான்! வட இந்தியப் பட்டறைகளில் அலங்காரத்துக்கென்று வார்க்கப்படும் பித்தளை அவை. மேசைமேல் வைக்க அழகு. நூறு வருஷப் பழசு என்று காசு கொடுத்தால் ஏமாளி. பெயரையும் ஆண்டையும் பொருத்திப் பார்ப்பதுதான் முதல் பாடம். 'ட்ரூட்டன் அண்ட் சிம்ஸ்' என்று மட்டும் இருந்தால் கருவி 1826க்கும் 1922க்கும் இடைப்பட்டது. முன்னால் 'குக்' சேர்ந்திருந்தால் 1922 இணைப்புக்குப் பிந்தியது. போலியில் பாகைக் கோடுகள் தடிமனாக, ஒரே அச்சில் அடித்ததுபோல இருக்கும். அசலில் வெள்ளிப் பட்டைமேல் மயிரிழையாக ஓடும், வெர்னியர் அளவுகோலை நகர்த்தினால் கோடும் கோடும் கச்சிதமாகச் சேரும். குழாய்க்குள் பார்த்தால் தெரியும் குறுக்கிழை, பழைய கருவிகள் பலவற்றில் நிஜமான சிலந்தி நூல். காட்டில் அறுந்துபோனால் சர்வேயர் சிலந்தியைப் பிடித்துப் புது நூல் எடுத்து ஒட்டிக்கொள்வார்.

லண்டன் பெயர் இல்லையே என்று ஒதுக்குவதும் தப்பு. கல்கத்தாவில் இருந்த கணிதக் கருவி அலுவலகத்தின் முத்திரையைக் கண்டால் நின்று பார்க்க வேண்டும். சர்வே துறைத் தலைவர் ஜார்ஜ் எவரெஸ்ட் லண்டனிலிருந்து அழைத்துவந்த ஹென்றி பாரோ என்ற வல்லுநர் விலகிப் போனபின், அங்கே கருவி செய்யும் பொறுப்பு சையது மீர் மொஹ்சின் ஹுசைனிடம் வந்தது. அவர் ஆற்காட்டுக்காரர், சென்னையில் நுண்வேலைகள் செய்துகொண்டிருந்தவர். ஐரோப்பியப் பட்டறை எதையும் பாராமல் பாகை வட்டங்களைச் சீர்செய்யும் அவர் கையை எவரெஸ்டே மெச்சினார். இமயத்தின் உயரத்தைக் கணித்த கருவிகளுக்குப் பின்னால் ஓர் ஆற்காட்டு ஆசாரி இருந்ததை நம் பாடப்புத்தகங்கள் ஏனோ சொல்வதில்லை.

பெட்டியையும் விடக்கூடாது. கருவியின் ஒவ்வொரு உறுப்புக்கும் இடம் வெட்டிய மரப்பெட்டி இல்லாவிட்டால் விலை பாதியாகிவிடும். பெட்டியின் உள்மூடியில்தான் பழுதுபார்த்த கடையின் சீட்டும் தேதியும் ஒட்டியிருக்கும். புவிசார் குறியீடு பெற்ற மரச்சிற்ப வேலை நடக்கும் ஊர் கள்ளக்குறிச்சி. பெட்டி உடைந்துபோன சேகரிப்பாளர் இங்கே ஒரு நடை வந்தால் கைகாரர்களுக்குக் குறைவிருக்காது. ஆனால் புதுப்பெட்டி புதுப்பெட்டிதான். பழசென்று சொல்லி விற்கக் கூடாது.

சட்டமும் தெரிந்திருக்கட்டும். நூறு வருஷம் கடந்த அறிவியல் பொருள் 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டத்தின் கீழ் வரும். வியாபாரம் செய்ய உரிமம் வேண்டும், தனியார் வெளிநாட்டுக்குக் கொண்டுபோக முடியாது. அரசுத் துறையின் எண் வெட்டிய கருவி என்றால், ஏலத்தில் எடுத்த ரசீதையும் கேட்டு வாங்குங்கள்.

பழைய இரும்புக் கடைத் தராசுக்குப் பித்தளை எல்லாம் ஒன்றுதான்: குத்துவிளக்கின் உடைந்த தண்டும் தியோடலைட்டின் வட்டமும் ஒரே விலை. உங்கள் தாத்தாவோ பாட்டனோ கர்ணமாக, சர்வேயராக, பொதுப்பணித் துறையில் ஓவர்சியராக இருந்திருந்தால் பரணைப் பாருங்கள். ஏதாவது கிடைத்தால் புளி போட்டுத் துலக்காதீர்கள். மேலே பூசிய அரக்கு மெருகும் வெள்ளிப் பட்டையின் கோடுகளும் அதோடு போய்விடும். காய்ந்த துணியால் துடைத்து, பெயரையும் எண்ணையும் குறித்து, அது யாரிடம் இருந்தது, எந்தத் தாலுகாவை அளந்தது என்று வீட்டுப் பெரியவர்களைக் கேட்டு ஒரு தாளில் எழுதிப் பெட்டிக்குள் வையுங்கள். விற்பதா வேண்டாமா என்பதை அப்புறம் யோசிக்கலாம்.