காத்து எந்தப் பக்கம் அடிக்குது?

லீவு விட்டா ஊட்டி, கொடைக்கானல், மூணாறுன்னு எல்லாரும் டூர் போய்ட்டு வந்து கதை விடுவாங்க. ஒரு சேஞ்சுக்கு நாம மணலி வரைக்கும் போய்ட்டு வரலாமா? ஆமாங்க... வடசென்னை மணலியேதான்!

திருவொற்றியூரில் மெட்ரோவை விட்டு இறங்கி மேற்குப் பக்கம் திரும்பினால் பக்கிங்ஹாம் கால்வாய், சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட், முடியவே முடியாத டேங்கர் லாரி வரிசை. அதையெல்லாம் தாண்டினால் புகைபோக்கிகள். அதில் ஒன்றின் உச்சியில் மட்டும் தீபம் மாதிரி நெருப்பு எரியும். அதுக்குப் பேர் ஃப்ளேர். மிஞ்சிப்போன கேஸை சும்மா காற்றில் விடாமல் பத்திரமாக எரிக்கும் ஏற்பாடு.

1965-ல் 'மெட்ராஸ் ரிஃபைனரீஸ்' என்று ஆரம்பித்த கம்பெனி, 1969-ல் இங்கே எண்ணெய் சுத்திகரிக்கத் தொடங்கியபோது அதன் கொள்ளளவு ஆண்டுக்கு 25 லட்சம் டன். இன்றைக்கு சி.பி.சி.எல். என்ற பெயரில் 1 கோடியே 5 லட்சம் டன். சுற்றிலும் உரம், பெட்ரோகெமிக்கல் என்று ஒரு பெரிய குடும்பமே குடியிருக்கிறது.

இந்த ஏரியாவில் ஒரு தொழிற்சாலையில்தான் (பேர் வேணாமே!) ஜூன் மாசம் எனக்கு நாலு வாரம் இன்-ப்ளான்ட் ட்ரெய்னிங். நான் கெமிக்கல் இன்ஜினீயரிங் மூணாவது வருஷம். படிப்பை முடித்துப் புதுசாக வேலைக்குச் சேர்ந்த மூணு ட்ரெய்னி இன்ஜினீயர்களும் என்கூடவே சுற்றினார்கள். எங்க நாலு பேருக்கும் ஒரே வாத்தியார்... 27 வருஷ சர்வீஸ் போட்ட ஒரு ஷிஃப்ட் ஆபரேட்டர் அண்ணா. அவர் சிலபஸ் எந்த யுனிவர்சிட்டியிலும் இல்லை!

மூக்கை நம்பாதே

கேட்டுக்குள் நுழைந்ததும் முதலில் அண்ணாந்து பார்க்கச் சொன்னார். கம்பத்தில் ஆரஞ்சு, வெள்ளைக் கோடு போட்ட காற்றுப் பை. அதன் வாய் இருக்கும் பக்கமிருந்து காற்று வருது, வால் நீட்டும் பக்கம் போகுது. கேஸ் லீக் ஆனால் காற்றுக்குக் குறுக்கே விலகி ஓடணும். "காத்தோட சேர்ந்து ஓடுனா, கேஸும் உங்கூடவே ஓடி வரும்மா" என்றார். ஜூன் மாசக் காலையில் மேற்கேயிருந்து வீசும் காற்று, மதியவாக்கில் கடல் காற்று எழும்பினால் கிழக்கேயிருந்து வீச ஆரம்பிக்கும். அதனால் சாப்பிட்டுத் திரும்பும்போது மறுபடி ஒருமுறை அண்ணாந்து பார்க்கணும்.

அடுத்தது ஹைட்ரஜன் சல்ஃபைடு. அழுகின முட்டை நாற்றம் என்று பிளஸ் டூவிலேயே படித்ததுதான். படிக்காதது என்னவென்றால், காற்றில் அதன் அளவு 100 பி.பி.எம்.மைத் தொட்டால் மூக்கே மரத்துப்போகும். "நாத்தம் நின்னா கேஸ் போயிடுச்சுன்னு நினைக்காதே. மூக்கு போயிடுச்சுன்னு நினை!" சட்டைக் காலர் பக்கத்தில் குத்திக்கொள்ளும் குட்டி டிடெக்டரின் அருமை அப்போதான் புரிந்தது.

காலால் படிக்கணும்

பி அண்ட் ஐ.டி. என்று ஒரு டிராயிங் உண்டு. ப்ளான்ட்டில் இருக்கும் பைப், வால்வு, மீட்டர் எல்லாம் அதில் இருக்கும். அதைக் கையில் சுருட்டிக்கொண்டு ஒரே ஒரு பைப்பைப் பிடித்து, அது எங்கே கிளம்பி எங்கே முடியுதுன்னு நடந்தே கண்டுபிடிக்கணும். கேட்க ஈஸி. அந்தப் பைப் நாலடி போனதும் மேலே ஏறி இருபது பைப்போடு கலந்துவிடும்! ஒரு லைனை முடிக்க எங்களுக்கு மூணு நாள் ஆச்சு.

டிராயிங்கில் வால்வு என்பது இரண்டு குட்டி முக்கோணம். நேரில் போனால் சக்கரம் தலைக்கு மேலே, ஏணி பின்பக்கம். "ராத்திரி ரெண்டு மணி, மழை கொட்டுது. இதை மூட எத்தனை நிமிஷம் ஆகும்?" என்று கேட்டார் அண்ணா. எந்த டிராயிங்கும் பதில் சொல்லாத கேள்வி அது.

எங்களுக்குப் பரீட்சையில் ரெண்டு மார்க் கேள்வியாக வரும் 'கேவிடேஷன்' இங்கே ஒரு சத்தம். பம்புக்குள் கூழாங்கல்லைப் போட்டு அரைப்பது மாதிரி இருக்கும். ஒரு தடவை கேட்டால் மறக்காது.

அசையாத நம்பர்

ஒருநாள் கன்ட்ரோல் ரூம் திரையில் ஒரு டேங்க்கின் லெவல் 62 சதவீதம். ஆஹா, சமர்த்தாக நிற்கிறதே என்று நாங்கள் பார்த்துக்கொண்டிருந்தோம். அண்ணா முகம் மாறியது. "கால் மணி நேரமா புள்ளி கூட அசையல. ஓடுற டேங்க் மூச்சு விடும்மா. போய் கண்ணாடியப் பாருங்க." டேங்க் பக்கவாட்டில் இருந்த லெவல் கண்ணாடியில் போய்ப் பார்த்தால், லெவல் அதைவிட நல்லாவே உயரத்தில்! மீட்டருக்குப் போகும் சின்னக் குழாய் அடைத்திருந்தது. கூலாகச் சரிசெய்துவிட்டார்கள்.

எல்லா ஊரிலும் கதை இப்படி முடிந்ததில்லை. 2005 மார்ச் 23, அமெரிக்காவின் டெக்ஸாஸ் சிட்டி ரிஃபைனரி. 170 அடி உயரக் கோபுரத்தில் திரவம் 10 அடிக்குள்தான் இருப்பதாக மீட்டர் காட்டியது. நிஜத்தில் அது 150 அடியைத் தாண்டியிருந்தது. பொங்கி வழிந்து வெடித்ததில் 15 பேர் இறந்தார்கள். முந்தைய ஷிஃப்டின் லாக் புக்கில் எழுதியிருந்தது ஒரே ஒரு வரி!

அதைப் படித்த பிறகு, எங்க அண்ணா டூட்டி முடிந்தும் அரை மணி நேரம் உட்கார்ந்து லாக் புக்கில் பக்கம் பக்கமாக எழுதுவதன் அர்த்தம் புரிந்தது. எந்த பம்ப் ஸ்டாண்ட்-பை, எந்த வால்வு பாதி திறந்திருக்கு, எந்த மீட்டர் மேல் சந்தேகம்... அடுத்து வருபவருடைய உயிர் அந்தப் பக்கத்தில் இருக்கு பாஸ்!

சுவருக்கு அந்தப் பக்கம்

சுற்றுச்சுவருக்கு வெளியே உடனே டீக்கடை, ஸ்கூல், வீடுகள். 2019-லிருந்து கொடுங்கையூரில் சுத்திகரித்த கழிவுநீர், ஒரு நாளைக்கு 4.5 கோடி லிட்டர் வரை இந்தப் பக்கத்துத் தொழிற்சாலைகளுக்கு வரும்படி ஏற்பாடு இருக்கு. ஊர்க் கழிவு உள்ளே வரலாம். உள்ளே இருப்பது ஊருக்குள் போகக் கூடாது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தில் மணலிப் பக்கமிருந்து எண்ணெய் கலந்து, எண்ணூர் கழிமுகம் வரை போனது. மீனவர்களின் வலையும் படகும் கறுப்பானதை ஊரே பார்த்தது.

கடைசி நாள் நாங்க நாலு பேரும் ஒரே மாதிரி அண்ணாந்து பார்த்தோம். பையின் வால் நீட்டிய திசையில் மொட்டை மாடிக் கொடியில் துணி காய்ந்துகொண்டிருந்தது. ப்ராசஸ் இன்ஜினீயர் என்றால் ஏ.சி. ரூமில் திரை பார்க்கும் வேலை என்று நினைத்திருந்தேன். அந்தத் துணி யாருடையது என்று தெரியாது. ஆனால் 62-ல் நிற்கும் நம்பரை எழுந்து போய்ச் சரிபார்ப்பது அவங்களுக்காகவும்தான்.

அடுத்த செம்மில் நீங்களும் ட்ரெய்னிங் கிளம்பறீங்களா? சர்ட்டிஃபிகேட் எப்படியும் கொடுத்துடுவாங்க. பாக்கெட் நோட்டும் நல்ல ஷூவும் மறக்காதீங்க. அப்புறம், அங்கே ஒரு சீனியர் ஆபரேட்டர் நிச்சயம் இருப்பார். அவர் பின்னாலேயே நடங்க!