செந்தோசாவில் ஒரு நாளைய உலகம்

சிங்கப்பூரின் தென்கரையை அடுத்துள்ள செந்தோசாத் தீவுக்கு முன்பு 'புலாவ் பிளாக்காங் மாத்தி' என்று பெயர். 'மாத்தி' என்னும் மலாய்ச் சொல்லுக்கு மரணம் என்பது பொருள். 1970களின் தொடக்கத்தில் அதனைச் சுற்றுலாத் தலமாக்க முனைந்தபோது, அமைதியைக் குறிக்கும் 'செந்தோசா' என்ற பெயர் நிலைபெற்றது. நம் 'சந்தோஷ'த்திற்கும் அதற்கும் மூலச் சொல் ஒன்றே. அத்தீவில் 2010ஆம் ஆண்டு யூனிவர்சல் ஸ்டூடியோஸ் கேளிக்கைப் பூங்கா திறக்கப்பட்டது. அங்குள்ள காட்சிகளுள் நம் சிந்தனையைத் தூண்டுவது 'வாட்டர்வேர்ல்டு' என்னும் நீர்ச் சாகச அரங்கு.

துருவப் பனி உருகி, நிலமெல்லாம் கடலுள் மறைந்துவிட்ட ஓர் எதிர்காலம். எஞ்சிய மாந்தர் பழைய இரும்புகளைப் பிணைத்துக் கட்டிய மிதக்கும் கோட்டையில் வாழ்கின்றனர். 1995இல் வெளிவந்த திரைப்படத்தின் கதை இது. ஏறத்தாழ 17.5 கோடி டாலரை விழுங்கிய அப்படம், அதுவரை எடுக்கப்பட்டவற்றுள் மிகுந்த செலவு பிடித்தது. ஆயினும் எதிர்பார்த்த வரவேற்பைப் பெறவில்லை. அதே ஆண்டு அக்டோபரில் ஹாலிவுட் பூங்காவில் தொடங்கிய மேடைக்காட்சியோ வெற்றி கண்டு, 2001இல் ஒசாகாவுக்கும், 2010இல் சிங்கப்பூருக்கும், 2021இல் பெய்ஜிங்கிற்கும் பரவியது.

அச்சத்தின் பின்னே ஒழுங்கு

குளம் போன்ற நீர்ப்பரப்பு. அதன் நடுவிலும் பின்புறத்திலும் துருவேறிய கோபுரங்கள். எதிரே படிப்படியாக உயரும் இருக்கைகள். நிலம் இருக்கிறது என்னும் நற்செய்தியோடு ஹெலன் என்ற பெண் கோட்டைக்குத் திரும்புகிறாள். அதனை அபகரிக்கக் கொள்ளையர் ஜெட் ஸ்கீக்களில் சீறிப் பாய்கின்றனர். தீப்பிழம்பு எழுகிறது, உயரத்திலிருந்து வீரர் நீரில் விழுகின்றனர். இறுதியில் மதிலைத் தாண்டி ஒரு கடல் விமானம் வந்து நம் எதிரே நீரில் மோதி நிற்கும்போது அரங்கமே அதிர்கிறது.

திரைப்படத்தில் ஒரு முறை சரியாக அமைந்தால் போதும். இங்கோ அதே வீழ்ச்சியும் அதே தீயும் நாள்தோறும் பன்முறை, பிழையின்றி நிகழ வேண்டும். ஆகவே கண்ணுக்கு எவையெல்லாம் கட்டற்றவையாகத் தோன்றுகின்றனவோ, அவையெல்லாம் கட்டுக்குள் இருப்பவையே. விமானம் பறப்பதில்லை, மறைவான அமைப்பொன்று அதனை இழுத்து வந்து குறித்த இடத்தில் நிறுத்துகிறது. துருவாகத் தெரிவது வண்ணப்பூச்சு. உள்ளே உறுதியான எஃகு. ஒருவர் குதிக்கும் கணமும், மற்றொருவர் படகைத் திருப்பும் இடமும் முன்னரே வரையறுக்கப்பட்டவை. அருகிலிருப்பவர் தம் கடமையில் தவறமாட்டார் என்னும் நம்பிக்கையே அவ்வீரர்களின் உண்மையான கவசம்.

குழந்தைகளுடன் செல்வோர் ஒன்றைக் கருத்திற்கொள்வது நலம். முன்வரிசைகள் நனையும் பகுதி. நடிகர்களே வாளி வாளியாக நீரை வாரி இறைப்பர். வெடியோசைக்கு அஞ்சும் சிறார்க்கும் முதியோர்க்கும் பின்வரிசையே ஏற்றது.

கதையும் மெய்யும்

உலகின் பனி முழுவதும் உருகினும் கடல்மட்டம் ஏறத்தாழ 60 முதல் 70 மீட்டர் வரையே உயரும் என்பர் அறிவியலார். மலைகளும் மேட்டுநிலங்களும் மூழ்கா. ஆயினும் கரையோர நகரங்களுக்கு அவ்வளவு வேண்டியதில்லை. சில அடிகளே போதும். சிங்கப்பூரின் நிலத்தில் சுமார் 30 விழுக்காடு, கடல்மட்டத்திலிருந்து 5 மீட்டருக்கும் குறைவான உயரத்தில் உள்ளது. கரைகளைக் காக்க நூறாண்டுகளில் 10,000 கோடி சிங்கப்பூர் டாலரோ அதற்கு மேலோ தேவைப்படலாம் என அந்நாட்டுப் பிரதமர் 2019இல் அறிவித்தார்.

சுற்றிலும் கடல் இருந்தும் குடிநீருக்குத் தவிப்பது அக்கதை மாந்தரின் துயர். அத்தவிப்பைச் சிங்கப்பூர் கதையாக அன்றி வாழ்வாகவே அறிந்தது. 1963இல் வறட்சி வந்தபோது அங்கு நீர் பங்கீட்டு முறையில் வழங்கப்பட்டது. அந்நாடு ஜோகூரிலிருந்து நீர் பெறும் 1962ஆம் ஆண்டு ஒப்பந்தம் 2061இல் முடிவுறும். எனவே மழைநீரைத் தேக்கியும், பயன்படுத்திய நீரைத் தூய்மையாக்கி 2003 முதல் 'நியூவாட்டர்' என வழங்கியும், 2005 முதல் கடல்நீரைக் குடிநீராக்கியும் தன் நாளையை அது இன்றே வடிவமைத்து வருகிறது.

அரங்கின் வெள்ளத்தில் எவரும் மூழ்குவதில்லை. ஒவ்வோர் ஆபத்தையும் முன்னரே எண்ணிப் பார்த்தவர்கள் அதனைக் கட்டியிருக்கிறார்கள். மெய்யான கடல் உயரும்போதும் மனிதனைக் காக்கப்போவது அந்த முன்யோசனைதான். நனைந்த ஆடையைப் பிழிந்தவாறு வெளியேறும் நம் பிள்ளைகளுக்கு, விமானத்தின் வியப்போடு இதனையும் சேர்த்துச் சொல்லி அழைத்து வருவோமாக!