கோடியக்கரையில் ஒரு பகல்

பறவைகளைக் காணவென்று எங்கள் பங்கிலிருந்து பதினெண்மர் தை மாதச் சனிக்கிழமையொன்றில் புறப்பட்டோம். வேளாங்கண்ணியில் அதிகாலைத் திருப்பலி கண்டு, திருப்பூண்டி வழியே வேன் தெற்கு நோக்கி ஓடிற்று. வேதாரண்யம் தாண்டியதும் உப்பளங்கள் தொடங்கின. 1930-இல் இராஜாஜி தலைமையில் தொண்டர்கள் உப்பெடுத்த அகத்தியன்பள்ளியும் இவ்வழியிலேயே உள்ளது. சிறுவர்களோ வரலாற்றைவிட இட்டிலிப் பொட்டலங்களையே நாடினர் என்பதை மறைப்பதற்கில்லை.

கிழக்கே வங்கக்கடலும் தெற்கே பாக்கு நீரிணையும் சூழ நிலம் முனையாக நீளும் இடம் கோடியக்கரை. 1967-இல் சரணாலயமாக்கப்பட்ட இக்காடு, 2018-ஆம் ஆண்டுக் கஜா புயலில் பட்ட பாடு பெரிது. நாங்கள் தேடிச் சென்றது காட்டையன்று. அதனையடுத்த சதுப்பு நிலத்தை.

ஆழமற்ற நீரில் நூற்றுக்கணக்கான பூநாரைகள் தலையைக் கவிழ்த்து, வளைந்த அலகால் சேற்றை அரித்து இரை தேடிக்கொண்டிருந்தன. தொலைவில் அவை வெண்மையாகவே தோன்றின. சிறகு விரித்தாலன்றிச் செந்நிறம் முழுதும் தெரியாது. பிள்ளைகள் அதனைக் காணட்டுமே என்றெண்ணி, கையைத் தட்ட நான் ஓங்கினேன்.

“ஐயா, தட்டாதீங்க,” என்றார் உடன் வந்த காவலர். “ஒவ்வொரு தரம் கிளம்பும்போதும் தின்ன இரை வீணாப் போயிடும். அதுங்க ஊர் போய்ச் சேர வேண்டாமா?”

பின்னர் அவர் காட்டியது பூநாரையை அல்ல. கரையோரச் சேற்றில் ஓடிய கொசு உள்ளான்களை. ஏறத்தாழ 25 கிராம் எடையே கொண்ட அக்குருவி, வடதுருவத்தை அடுத்த சைபீரிய நிலங்களில் முட்டையிட்டு, குளிர்காலத்திற்கு நம் கரையை நாடி வருகிறது. பனங்கிழங்கு ஒன்றின் எடைகூட இராது! சேற்றுப் புழுக்களைத் தின்று உடலில் சேர்க்கும் கொழுப்பே அதன் திரும்புபயணத்திற்குக் கட்டுச்சோறு. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தார் இங்கு நெடுங்காலம் பறவைகளுக்கு வளையமிட்டு ஆராய்ந்துள்ளனர். முன்னாளைக் காட்டிலும் உள்ளான் கூட்டங்கள் மிகக் குறைந்துவிட்டன. நன்னீர் வரத்துக் குன்றிச் சதுப்பின் உவர்ப்பு மிகுந்ததும் ஒரு காரணம் என்கின்றனர்.

நான் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டேன். வெயில் ஏறிற்று. நண்பகலுக்குச் சற்றுமுன் பூனைப்பருந்தொன்று தாழப் பறந்து வர, பூநாரைக் கூட்டம் தானே எழும்பிற்று. பிள்ளைகளின் ஆரவாரம் கேட்டே நிமிர்ந்தேன். மூக்குக் கண்ணாடியில் படிந்த உப்பைத் துடைத்துக்கொண்டிருந்த எனக்குக் கிட்டியது கடைசி வரிசையின் செஞ்சிறகுகள் மட்டுமே. காவலர் என்னைப் பார்த்துச் சிரித்தார்.