மேலதிகாரமும் அதன் எல்லையும்

அதிகாரத்தை விரும்பாதார் உலகிற் சிலரே. அதனைப் பெறுமுன் தமக்கு எவ்வளவு வேண்டுமென்று ஆராய்வாரோ அவரினுஞ் சிலர். கல்லூரி நூல்நிலையத்தின் பதிவுகளைக் கணிப்பொறியிற் செம்மைசெய்யப் புகுந்தபோது இவ்வுண்மை எமக்கு நன்கு விளங்கிற்று.

அப்பதிவுகள் போஸ்ட்கிரஸ் என்னும் தரவுத்தளத்தில் உள்ளன. அதனை நிருவகிக்கும் கருவிக்குப் பிஜிஅட்மின் என்று பெயர். இரவல் அட்டவணையில் ஒரு புதிய பத்தியைச் சேர்க்க முயன்றோம். அட்டவணைக்கு உரிமையாளரே அதனைச் செய்யலாகுமென்று மறுப்பு வந்தது. இத்தகைய தடை நேருங்கால், கருவியை விண்டோசின் நிர்வாகியாக இயக்கினாற் போதுமெனப் பலர் கருதுவர். அதனால் தரவுத்தளத்தில் உரிமை மிகுவதில்லை. கருவி வெறும் வாயிலே. உரிமைகள் எழுதப்பட்டிருப்பது தரவுத்தளத்தின் உள்ளே. எவ்வாயிலால் நுழையினும், நுழைபவர் பெயருக்கு அங்கே எவ்வளவு உரிமையோ அவ்வளவே செல்லும்.

ஆகவே பொறுப்பாளரை அணுகி, 'சூப்பர்யூசர்' உரிமையை வேண்டினோம். அஃது உடையார்க்கு அட்டவணைகளின் அனுமதிச் சோதனை யாதும் இல்லை. அவர் இசைந்திலர். இரவல் அட்டவணைக்கு உரிய 'ரோல்' ஒன்றில் எம்மை உறுப்பினராக்கி, வேண்டும்போது மட்டும் அதனை மேற்கொள்ளப் பணித்தார். 'செட் ரோல்' என்னுங் கட்டளையால் அவ்வுரிமையை ஏற்றோம், பத்தியைச் சேர்த்தோம், 'ரீசெட் ரோல்' என்று இட்டுப் பழைய நிலைக்கு மீண்டோம்.

எம்மை நம்பவில்லையோ என்று முதலில் மனம் வருந்திற்று. நிற்க. அதே தரவுத்தளத்தின் வேறோர் அட்டவணையில் மாணவர் செலுத்தவேண்டிய தாமதக் கட்டணங்கள் இருந்தன. எம்முடையனவும் அவற்றுள் அடங்கும். கல்லூரியை விட்டு நீங்குவோர் நிலுவையின்மைச் சான்று பெறுவது அவ்வட்டவணையைக் கொண்டே. பின்னொரு நாள் அதில் ஒரு வரி மறைந்துபோமாயின், யார்மீது ஐயம் படரும்? எல்லாம் செய்ய வல்லவன்மீதன்றோ! தொடவியலாத பொருளைத் திருடியதாக ஒருவனைக் குற்றஞ்சாட்டுதல் அரிது. குறைந்த உரிமை பதிவை மட்டுமன்று, எமது நற்பெயரையும் காத்தது.

ஒவ்வொருவரும் தத்தம் வேலைக்கு வேண்டிய மிகக் குறைந்த உரிமையோடு இயங்குதல் வேண்டுமென்று சால்ட்சர், ஷ்ரோடர் என்னும் இருவர் 1975ஆம் ஆண்டிலேயே எழுதினர். நாஞ்சில் நாட்டார்க்கு இது புதிதன்று. 1906இல் நிறைவெய்திய பேச்சிப்பாறை அணையின் நீர் வாய்க்கால் வழியே நம் வயல்களுக்கு வருகின்றது. தன் வயலின் மடையைத் திறக்கும் உழவன் அணையின் மதகைத் திறக்கும் உரிமையை வேண்டுவதில்லை. அதனை அவன் பெற்றிருப்பின், ஊர் மூழ்குங்கால் முதலிற் கேட்கப்படுவதும் அவன் பெயரே.

இன்று கணிப்பொறி கற்கும் மாணவர் நாளை வங்கியிலும் மருத்துவமனையிலும் பிறர் வாழ்வைத் தாங்கிய பதிவுகளைக் கையாள்வர். உயர்ந்த உரிமையைக் கேட்குமுன், இன்ன வேலைக்கு, இன்ன அட்டவணைக்கு, இவ்வளவு நேரத்திற்கு என்று கூறிக் கேட்போமாக. வேலை முடிந்தவுடன் பிறர் கேளாமலே திருப்பிக் கொடுப்போமாக.